இரவல் சட்டி

மாதத்தின் முதலாம் தேதி. கொழும்பு 15, மட்டக்குளித் தோட்டமொன்றின் பொதுக் குழாயடி. சிங்கள வீடுகளில் கிரிபத் என்னும் பாற்சோறு கிளறி, வெட்டி, அயலுக்கும் கொடுத்தாகிவிட்டது. மிஞ்சியிருப்பது சட்டி.

பெரிய அலுமினியச் சட்டி. அதன் முன்னால் குந்தியிருப்பவள் இளம்பெண். சட்டி அவளுடையதல்ல, விளிம்பில் ஆணியால் ‘ம’ என்று பொறித்திருக்கிறது. அடியில் இரண்டு கை அகலத்துக்குக் கறுப்பு. தேங்காய்ப்பால் அப்படித்தான். வெந்த சோற்றில் கட்டிப்பாலை ஊற்றியதும் நெருப்பைத் தணிக்காவிட்டால், பாலும் சோற்று மாவும் அடியில் இறுகிக் கருகிவிடும். மேலே சோறு வெள்ளையாகவே கிடக்கும். மணம் வந்தபிறகுதான் தெரியும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

கரண்டியால் சுரண்டுகிறாள். சத்தம் பல்லைக் கூசவைக்கிறது. தெறிக்கும் பருக்கைகளுக்குக் காக்கைதீவுப் பக்கமிருந்து காகங்கள் வந்து இறங்குகின்றன. அவள் அடிக்கொருதரம் எதிர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொள்கிறாள்.

அந்த வாசலிலிருந்து வாளியோடு ‘ம’ வருகிறார். நரைத்த தலை, இடுப்பில் செருகிய முந்தானை. இளையவள் எழுந்து “அக்கே…” என்று தொடங்கி நிறுத்துகிறாள். மூத்தவர் சட்டிக்குள் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கி அப்பால் வைக்கிறார். கீறல் விழுந்த அடியில் அடுத்த சோறும் ஒட்டும் என்பது சமைத்த கைக்குத் தெரியும்.

கறுப்பு மூழ்கத் தண்ணீர், ஒரு பிடி உப்பு. தம் வீட்டு அடுப்பிலேயே ஏற்றுகிறார். திறந்த கதவு வழியே ஆவி தெரிகிறது. கொதித்ததும் இறக்கி, வாசற்படியில் வைக்கிறார்.

“அவசரப்படாதீங்க மகள். ஊறட்டும்.”

ஊறும் நேரத்தில் சட்டியின் வெளிப்புறத்துக்குப் படியோரத்துச் சாம்பல் தகரம் வருகிறது. இந்தத் தகரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் விட்டுவந்தார்கள். கொழும்பில் பலர் வாசலில் கல் வைத்து, உடைந்த பலகையை எரித்துச் சமைத்தார்கள். கேஸுக்குப் பழகிய சட்டிகளெல்லாம் புகைக்கரி பிடித்தன. அப்போது உதவியது மூத்த பெண்களின் பழைய கைப்பழக்கம்தான்: அடுப்பில் ஏற்றுமுன் சட்டியின் வெளியே குழைத்த சாம்பலைப் பூசிவிடுவது. கரி அதன்மேல் படியும், கழுவும்போது இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். சமைப்பவரைப் புகழ ஆளிருக்கிறது. சட்டியைக் காப்பாற்றியவர்களையும் அந்த வருடத்தின் கதையில் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

அலுமினியத்தில் சாம்பலை ஊறவிடக் கூடாது. தேய்த்த கையோடு கழுவிவிடுகிறார். அப்பச்சோடாவும் அப்படித்தான், போட்டுக் கொதிக்கவைத்தால் உலோகமே கறுக்கும். உள்ளே வேண்டியது புளிப்பு. அதை அவர் சொல்லுமுன் இளையவள் வீட்டுக்கு ஓடி, மீனுக்கு வைத்திருந்த கொறுக்காய்ப்புளியைக் கொண்டுவருகிறாள். மூத்தவர் முதன்முறையாகச் சிரிக்கிறார். பழப்புளி எடுக்கத் திரும்பியவர் நின்றுவிடுகிறார்.

தண்ணீரைக் கொட்டியபோது கறுப்பு ஓரங்களில் தோலாக எழும்பியிருக்கிறது. தும்பால் ஒரு இழுப்பு, பாதி போய்விட்டது. மிச்சத்தில் புளியைத் தேய்த்து, இருவரும் மாறி மாறி வட்டமாகத் தேய்க்கிறார்கள். சாம்பல் நிறம் வெளுத்து, உலோகத்தின் வெள்ளை மெல்ல எழுகிறது. நடுவில் ஒரு கறை மட்டும் போகவில்லை. இளையவள் மறுபடியும் தும்பை எடுக்கிறாள்.

“போதும் விடுங்க. அது போன வருசத்துக் கறை, என்னுடையது.” சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறுகிறார். “அடுத்த மாசமும் வந்து எடுத்துக்கோங்க. பால் ஊத்தின உடனே நெருப்பைக் குறைங்க, அவ்வளவுதான்.”