அஞ்சடி

"மழை வருது, அஞ்சடியில ஏறிக்கோ" என்றேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் நனைந்துகொண்டே, "யாருக்குச் சித்தப்பா அஞ்சணும்?" என்று கேட்டாள்.

கடைவீட்டு மாடியின் அடியில், தூணுக்கும் கடைவாசலுக்கும் நடுவே ஓடும் நடைவழிதான் அஞ்சடி. சிங்கப்பூரில் 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட உத்தரவு அது: வீட்டுக்கு வீடு முன்னால் கூரையோடு வழி விடவேண்டும், தெருநெடுக அது தொடர்ந்து போகவேண்டும். எத்தனை அடி என்று அவர் சொல்லவில்லை; ஐந்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கோலாலம்பூர் 1881-ல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின், செங்கல்லும் ஓடுமாக எழுப்பச் சொன்னார் ஆங்கிலேய ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம்; அஞ்சடியும் கூடவே வந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

மலாய்க்காரர் இதைக் 'காக்கி லீமா' என்கிறார்கள். ஐந்து அடியென்றால் 'லீமா காக்கி' என்றல்லவா வரவேண்டும்? ஹொக்கியன் சீனர் தங்கள் ஐந்தோடு மலாய்க் 'காக்கி'யைக் கோத்துக்கொண்டார்கள். நம்மவர் முழுக்கத் தமிழாக்கிவிட்டார்கள், அதுவும் பேச்சுத் தமிழில். புலவர் யாரும் கிட்டே வராததால் 'ஐந்தடி' ஆகாமல் தப்பித்தது.

எனக்கு அஞ்சடி என்றால் தரை. தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். ஜவுளிக்கடை முன்னால் வழவழவென்று சிவப்புச் சிமெண்டு. பாத்திரக்கடைக்குப் பூப்போட்ட ஓடு. அதற்கடுத்தது ஒரு சாண் உயரம். அம்மா திரும்பிப் பார்க்காமலே "படி, படி" என்பார். நிலம் கடைக்காரனுடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. அதனால் அவரவர் இஷ்டத்துக்குத் தரை போட்டிருந்தார்கள். செருப்பில்லாமல் நடந்தால் எந்த முதலாளி கஞ்சன் என்று உள்ளங்கால் சொல்லிவிடும். தூணோரம் தையல் மெஷின், அதையொட்டிக் கிளி ஜோசியர், அப்புறம் மல்லிகைச் சரம். பூக்காரம்மா முழம் போடுகையில் கை கொஞ்சம் சுருங்கும். "கையை நீட்டி அளங்கக்கா" என்று அம்மா சண்டை பிடிப்பார்.

அடைசல் என்று முகம் சுளிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள். 1888-ல் சிங்கப்பூர் நகராட்சி அஞ்சடியிலிருந்த சரக்கையெல்லாம் அகற்றக் கிளம்பியது. கடைகளை அடைத்துக் கலவரமே செய்துவிட்டார்கள். என் ஓட்டு கலவரக்காரர்களுக்குத்தான். வழியில் இரண்டடி மிஞ்சினால் போதாதா, உடம்பை ஒருக்களித்துப் போகத் தெரியாதா? சங்கிலி போட்டுப் பூட்டிய மோட்டார் சைக்கிளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதுக் கடைவரிசைகளில் அகலம் ஏழடி, எட்டடி என்று தாராளமாக விடுகிறார்கள். பெயர் என்னவோ அஞ்சடிதான். பேரங்காடிகளில் இதைவிட அகலமான நடை உண்டு, குளிர்சாதனமும் உண்டு. ஒரு முக்காலியைப் போட்டு அங்கே பூக்கட்ட உட்கார்ந்து பாருங்கள், காவலாளி எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று.