புலம்பு என்னும் பழஞ்சொல்

ஆங்கிலத்தில் 'அலோன்', 'லோன்லி' என இரு சொற்கள் உண்டு. உடன் எவரும் இல்லாதிருத்தல் முதலாவது. நமக்கென்று எவரும் இல்லையே என உள்ளம் வருந்துதல் இரண்டாவது. முதலாவது கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. தமிழில் நாம் இரண்டையும் 'தனிமை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இது வெறும் இலக்கணச் செய்தியன்று என்பதை ஓசூர் வாழ்க்கை எனக்கு உணர்த்தியது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு வந்தது முதல், ஊர்விட்டு வந்தோரால் வளர்ந்த நகர் இது. முன்னர் தென்மாவட்டத்து இளைஞர்கள் வந்தனர். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் இளம்பெண்களும் வந்து, விடுதிகளில் தங்கி, ஆலைகளில் உழைக்கின்றனர். அவர்களுள் சிலருக்கு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆங்கிலம் பேசப் பழக்கி வருகிறேன். தங்கள் அறையைப் பற்றி நான்கு வரி எழுதுமாறு ஒருநாள் கேட்டேன். ஒரு பெண், தன் அறையில் எட்டுப் பேர் என்று எழுதி, அடுத்த வரியில் 'ஐ ஆம் லோன்லி' என்று முடித்திருந்தாள். காரணம் கேட்டேன். ஷிப்ட் மாறி மாறி வருவதால், இவள் விழித்திருக்கையில் மற்றவர் உறங்குவர். மற்றவர் பேசுகையில் இவள் ஆலையில் இருப்பாள். தாய்மொழியில் பேசி மூன்று மாதமாயிற்று என்றாள்.

பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். "எட்டுப் பேர் இருக்கிற அறையில் என்ன தனிமை?" என்று கேட்டார் ஒரு பெரியவர். அவர் இரக்கமற்றவர் அல்லர். தலைகளை எண்ணினார், அவ்வளவே. நம் சொற்களும் எண்ணத்தானே செய்கின்றன? ஓசூர் பல மொழி பேசும் ஊர். தமிழர் 'ஒண்டி' என்போம். கன்னடத்தார் 'ஒண்ட்டி' என்பர். தெலுங்கர் 'ஒண்ட்டரி' என்பர். எல்லாம் 'ஒன்று' என்னும் எண்ணோடு உறவுடையவை. ஆங்கிலத்து 'அலோன்' என்பதும் 'ஆல்', 'ஒன்' என்னும் இரு சொற்கள் இணைந்ததே. அதன் முதலெழுத்து உதிர்ந்து 'லோன்' ஆயிற்று. அதிலிருந்து 'லோன்லி' பிறந்தது.

ஷேக்ஸ்பியர் 'கோரியலேனஸ்' நாடகத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தியுள்ளார். அக்காலத்தில் அது துணையின்மையையும் ஆளரவமற்ற இடத்தையுமே பெரும்பாலும் குறித்தது. உள்ளத்தின் வேதனை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வேரூன்றியது. இங்கிலாந்தில் ஆலைகள் பெருகி மக்கள் ஊர்விட்டு நகர் புகுந்த காலமும் அதுவே. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என நான் துணியேன். ஆயினும் ஓசூரில் வாழ்பவருக்கு அந்த ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது.

இன்று உலகமே இவ்வேதனையைப் பேசுகிறது. 2018இல் பிரிட்டன் இதற்கென ஓர் அமைச்சரை நியமித்தது. உலகில் ஆறு பேரில் ஒருவரை இது வாட்டுகிறது என 2025இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

நம் மொழிக்கு இவ்வேறுபாடு தெரியாதா? தெரியும். தொல்காப்பிய உரியியல், 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் தருகிறது. காலப்போக்கில் அச்சொல் அழுகையின் பெயராயிற்று. எண்ணிக்கையில் அடங்காத தனிமை, அழுகையாக மட்டுமே வெளிப்படும் என்பதை நம் முன்னோரின் நாவு அறிந்திருந்தது போலும். திருவிவிலியத்தின் 'புலம்பல்' நூலைத் திறந்து பாருங்கள். மக்கள் நிறைந்திருந்த நகர் தனித்து அமர்ந்திருக்கும் காட்சியோடுதான் அது தொடங்குகிறது.

ஆண்டவர் இயேசு இரு தனிமைகளையும் அறிந்தவர். விடியுமுன் தனிமையான இடத்திற்குச் சென்று செபித்தார். அது அவர் தேடிச் சென்ற தனிமை. கெத்சமனியில் நடந்தது வேறு. சீடர் மூவர் அருகிலேயே இருந்தனர்; ஆயினும் உறங்கினர். ஒரு மணி நேரமேனும் விழித்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டது, கூட்டம் வேண்டியன்று. விழித்திருக்கும் ஒருவரை வேண்டி. பகலுழைப்பால் களைத்துத் தூங்கும் ஏழு தோழியரிடையே விழித்துக் கிடக்கும் பெண்ணின் நிலையை அவர் அறியாதவரா?

எங்கள் பங்கில் இப்போது சில குடும்பங்கள், மாதம் ஒரு ஞாயிறு, இப்பிள்ளைகளில் இருவரையோ மூவரையோ உணவுக்கு அழைக்கின்றன. 'எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள்?' என்று கேட்பதை விட்டு, 'யாரோடு பேசுகிறாய், அம்மா?' என்று கேட்கப் பழகி வருகிறோம். அக்கேள்விக்கு எட்டு என்ற எண் விடையாகாது.

அப்பெண்ணின் தாய்மொழி குருக். அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பர் மொழிநூலார். தமிழுக்குத் தூரத்து உறவு. ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து வந்து நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவள் மொழியாலும் நம் உறவினள், திருமுழுக்காலும் நம் சகோதரி. அவள் புலம்பும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?