கணிகள் விட்டுச்சென்ற கணக்கு

கல்வெட்டு நாட்குறிப்பைக் கணித்து, அது எந்த ஆண்டின் எந்த நாள் என்று கண்டுபிடிப்பதில் எனக்குத் தீராத ஈடுபாடு. இந்த வேலையில் ஆழ ஆழ, சோழ, பாண்டிய காலத்துக் கணிகள்மீது, அதாவது நாள் கணித்த சோதிடர்கள்மீது, என் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

அந்நாளைய அரசவை நாள் பார்க்காமல் பெரிய காரியம் எதையும் தொடங்காது. அரசன் பிறந்த நட்சத்திரமோ கோயில் விழாவாகவே ஆனது. ராஜராஜனின் சதயத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் மாதந்தோறும் விழா நடந்தது. ராஜேந்திரனின் ஆடித் திருவாதிரையைத் திருவாரூர்க் கல்வெட்டு சொல்கிறது. கொடைகளுக்கும் அதே பஞ்சாங்க முறையில் நாள் குறித்தார்கள்: ஆட்சியாண்டு, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம்.

இந்த ஆறும் ஒன்றையொன்று காவல் காக்கும். ஐப்பசிப் பௌர்ணமி என்றால் சூரியன் துலாத்தில், சந்திரன் எதிரே மேஷத்தில். ஆகவே நட்சத்திரம் அசுவினி, பரணி, கார்த்திகை முதல் பாதம் இவற்றை ஒட்டியே வரவேண்டும். கல்லில் உத்திரம் என்றிருந்தால், எழுதியவரோ படியெடுத்தவரோ எங்கோ தவறியிருக்கிறார். நட்சத்திரம் பொருந்திவிட்டால் கிழமையைப் பார்ப்பேன். மாதமும் திதியும் ஒத்துவரும் பல ஆண்டுகளைக் கிழமை கழித்துக்கட்டும்.

கல்வெட்டில் ஆண்டாகப் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். ஒரே அரசனின் பல நாட்குறிப்புகளைக் கணித்து அடுக்கினால், அவன் அரியணை ஏறிய காலம் சுருங்கிச் சுருங்கி வரும். ராஜராஜனின் ஆட்சித் தொடக்கம் 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்டது என்று கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் கண்டது இப்படித்தான்.

பாண்டியரிடம் இந்தக் கணிதம் இன்னும் அருமையாகக் கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சுந்தரபாண்டியர், வீரபாண்டியர், குலசேகரர் என்று ஒரே பெயரில் பலர். சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்களும் மாறிமாறி வரும். ஒரே காலத்தில் இருவர் மூவர் ஆண்டதும் உண்டு. போர், கொடை என்ற செய்திகளை மட்டும் வைத்து இவர்களைப் பிரிப்பது கடினம். 1216இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியனையும் 1251இல் வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியனையும் தனித்தனியே நிறுத்தியதில் திதிக்கும் நட்சத்திரத்துக்கும் பெரும்பங்கு உண்டு. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்கத் தொகுதிகள் இந்த வேலைக்கு இன்றும் உற்ற துணை.

கணி சொன்ன பலன் பலித்ததா என்று நான் ஆராய்வதில்லை. அவர் வானத்தைக் கணக்கிட்ட ஒழுங்கை நம்பித்தான் தமிழக வரலாற்றின் ஆண்டுக்கணக்கில் பெரும்பகுதி நிற்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கல்வெட்டைப் படியெடுப்பவர்கள் நாட்குறிப்பில் ஒரு சொல்லையும் விடாதீர்கள். திருப்பணி செய்பவர்கள் மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்யாதீர்கள். தேய்ந்துபோகும் ஒரு நட்சத்திரத்தின் பெயர், ஓர் அரசனின் காலத்தையே நிறுவும் சான்றாக இருக்கலாம்.