போர்டு போயிடுச்சுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க

வெளியூர்ல நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிற இடத்துல, "இவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்"னு ஒரு தடவை பேர் வாங்கிட்டா போதும். அதுக்கப்புறம் பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நமக்குத்தான் போன் வரும். ஹவுராவுக்கு வந்த இத்தனை வருஷத்துல நான் திறந்து பார்த்த பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. (என் பிழைப்பு என்னவோ பாலமும் தூணும். அதைப் பத்தி ஒருத்தரும் கேட்கிறதில்லை!)

இத்தனை பெட்டியைப் பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சது. நல்லா ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர் தானா நிக்கிறது ஒரு வகை. புதுசா எதையோ மாட்டின அன்னிக்கே நிக்கிறது வேற வகை. இந்த ரெண்டாவது வகையில போர்டு நிஜமாவே செத்துப் போறது குறைவு. ரேம் முழுசா உட்கார்ந்திருக்காது. பிராசசருக்குத் தனியா போற மின்சார ஒயரை மாட்ட மறந்திருப்பாங்க. போர்டுக்கு அடியில ஒரு பித்தளை ஸ்டாண்டு இடம் மாறி ஷார்ட் ஆகும். டிடிஆர்5 ரேம்னா இன்னொரு வேடிக்கை: முதல் தடவை போடும்போது ரேமைப் பழகிக்க சில நிமிஷம் எடுத்துக்கும். அதுவரைக்கும் ஸ்கிரீன் கறுப்பா இருக்கும், நாம செத்துப் போச்சுன்னு முடிவு கட்டிடுவோம். ஆனா இங்கே நான் பார்த்த கடைகள்ல எல்லாத்துக்கும் ஒரே தீர்ப்புதான்: "போர்ட் கேச்சே, தாதா." போர்டு போச்சு அண்ணே. (இங்கே தாதான்னா அண்ணன். வந்த புதுசுல எல்லாரும் என்னை ஏன் ரவுடியாக்கறாங்கன்னு முழிச்சிருக்கேன் :-) )

2024 பூஜை சமயத்துல இப்படி ஒரு தீர்ப்போட வந்தவர் எங்க கீழ் வீட்டு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆகி, ஊருக்குப் போகாம ஷிப்பூர்லயே தங்கிட்டவர். லீவுக்கு வந்த பேரன் விளையாட்டுக்காக ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்டிருக்கான். கார்டு அதிகமா மின்சாரம் இழுக்கும்னு புது எஸ்எம்பிஎஸ்ஸும் வேணும்னாங்க. தாத்தாவும் பேரனும் பெட்டியைத் தூக்கிட்டு டோட்டோவில ஹவுரா மைதான், அங்கேர்ந்து மெட்ரோ, எஸ்பிளனேட்ல மாறி அடுத்த ஸ்டேஷன் சாந்தினி சௌக். ஹூக்ளிக்கு அடியில போற அந்த மெட்ரோ 2024 மார்ச்லதான் திறந்தது. ஆத்தை முக்கால் நிமிஷத்துல தாண்டிடும்.

கடையில எல்லாம் மாட்டி பட்டனை அமுக்கினா, பேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடுச்சாம். போர்டு பழசு, தனியா கிடைக்காது, போர்டு பிராசசர் ரேம் மூணும் சேர்த்து மாத்தணும், பூஜை முடிஞ்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

"பெட்டி போனா போகுது தம்பி. அந்த டிஸ்குலதான் மக வளைகாப்பு வீடியோ இருக்கு. நம்ம வீட்டுல பாடுவா பாருங்க, அதுல மட்டுந்தான் அவ குரல் இருக்கு"ன்னார் அண்ணாச்சி. அவர் வீட்டம்மா தவறினது 2019ல. வேற காப்பி கிடையாது.

"பதறாதீங்க அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு, நானே பட்டனை அமுக்கிப் பார்த்தேன். அதே அரைச் சுத்து. இது நல்ல அறிகுறி. ஒண்ணுமே அசையலைன்னா பிளக், எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கிற ஸ்விட்ச், முன்பக்க பட்டன் ஒயர்னு தேடணும். அரைச் சுத்து சுத்தி நிக்குதுன்னா பட்டனும் வேலை செய்யுது, மின்சாரமும் வருது. எங்கேயோ ஷார்ட் இருக்கறதை எஸ்எம்பிஎஸ் கண்டுபிடிச்சு தானே கையை எடுத்துக்குதுன்னு பெரும்பாலும் அர்த்தம். அப்படி ஒரு தடவை விழுந்துட்டா, மெயின் ஸ்விட்சை அணைச்சு கொஞ்சம் பொறுத்துதான் மறுபடி முயற்சி பண்ணணும்.

முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன். பெரிய 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் பக்கத்துல இருக்கிற கறுப்பு ஒயரையும் ஒரு ஜெம் கிளிப்பால சேர்த்தா அது ஓடணும். இப்போ வர்றதுல நிறைய எல்லா ஒயரும் கறுப்புதான், அதனால எண்ணித்தான் பிடிக்கணும்: 16வது பின், பக்கத்துல 17. ஓடிச்சு. (எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே மின்சாரம் நிக்கும்.)

அப்புறம் ஒவ்வொண்ணா கழட்ட வேண்டியதுதான். எல்லாரும் சந்தேகப்பட்ட கிராபிக்ஸ் கார்டை முதல்ல எடுத்தேன். அதே அரைச் சுத்து. ரேமை எடுத்து, தங்கப் பட்டையை அழிரப்பரால துடைச்சு மாட்டினேன். இந்த ஊர் மழைக்கால ஈரத்துக்கு அது பல தடவை பலிச்சிருக்கு, அன்னிக்குப் பலிக்கலை. ஹார்ட் டிஸ்குக்குப் போற பவர் கேபிளை எஸ்எம்பிஎஸ் பக்கமா உருவினேன். பேன் சுத்துச்சு. நிக்கவே இல்லை. விண்டோஸ் தனியா ஒரு எஸ்எஸ்டியில இருந்ததால ஸ்கிரீனும் வந்துடுச்சு. போர்டுக்கு ஒரு கேடும் இல்லை!

அண்ணாச்சி முகத்துல சிரிப்பு. எனக்குத்தான் வயித்தைக் கலக்கிச்சு. உருவின கேபிளைத் திருப்பிப் பார்த்தா, அதுல இருந்தது பழைய எஸ்எம்பிஎஸ் கம்பெனியோட பேர். கேபிளைக் கழட்டி மாட்டுற மாதிரி வர்ற எஸ்எம்பிஎஸ்ல, டிஸ்கு பக்கம் இருக்கிற முனை உலகம் பூரா ஒரே மாதிரி. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. எந்தப் பின்ல எத்தனை வோல்ட்டுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடலும் மாறலாம். ஆனா பிளாஸ்டிக் மட்டும் பல சமயம் கச்சிதமா பொருந்திடும். பெட்டிக்குப் பின்னாடி டேக் போட்டுக் கட்டியிருந்த கேபிளை யார் அவிழ்க்கறதுன்னு கடைப் பையன் பழசையே புதுசுல செருகியிருக்கான். டிஸ்கோட 5 வோல்ட் வழியில 12 வோல்ட் பாய்ஞ்சிருக்கு.

டிஸ்கைக் கழட்டி அடியில இருக்கிற பச்சைப் போர்டைப் பார்த்தோம். பவர் வர்ற இடத்துக்குப் பக்கத்துல அரிசி அளவுல ரெண்டு கறுப்பு டயோடு இருக்கும், 5 வோல்ட்டுக்கு ஒண்ணு, 12 வோல்ட்டுக்கு ஒண்ணு. வோல்ட் எகிறினா அது தன்னையே ஷார்ட் பண்ணிக்கிட்டு மத்த சிப்புகளைக் காப்பாத்தும். அந்த ஷார்ட்டைப் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ் கையை எடுத்திருக்கு. மல்டிமீட்டரை வச்சா 5 வோல்ட் டயோடு ரெண்டு பக்கமும் பீப்னு கத்துச்சு. இன்னொண்ணு நல்லா இருந்தது.

பல சமயம் டயோடு மட்டும்தான் போகும். சில சமயம் அதோட சிப்பும் போயிடும். எதுன்னு டயோடை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுக்குப் பொடி வேலை பழகின கை வேணும், எனக்குத் தெரிஞ்ச மொபைல் ரிப்பேர்காரரோ பூஜைக்குக் கடையை மூடிட்டார். தசமி வரைக்கும் அண்ணாச்சி வீட்டுல பந்தல் பார்க்க யாரும் போகலை. சாயங்காலம் போய் ஏதாவது பேசிட்டு வருவேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் பரானகர்ல இருக்கிற புள்ளியியல் நிறுவனத்துக்குத்தான் 1955-56ல இந்தியாவோட முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் பிரிட்டன்லேர்ந்து வந்ததுன்னு ஒரு நாள் சொன்னேன். ஹெச்இசி-2எம்னு பேர், வால்வு வச்ச மெஷின், நினைவகம் மொத்தமே சுழல்ற டிரம்ல 1024 சொல். "அது கெட்டா எந்தக் கடைக்குத் தம்பி தூக்கிட்டுப் போயிருப்பானுவ?"ன்னு கேட்டார். அந்த நாலு நாள்ல அவர் சிரிச்சது அப்போ மட்டும்தான்.

தசமிக்கு மறுநாள் ரிப்பேர்காரர் அந்த டயோடைச் சூடு காட்டி எடுத்துட்டார். ரெண்டு நிமிஷ வேலை, காசு வாங்க மாட்டேன்னுட்டார். புது எஸ்எம்பிஎஸ்ஸோட டப்பாவிலயே இருந்த அதோட சொந்தக் கேபிளை மாட்டி, மெயினைப் போட்டேன். டிஸ்கு உள்ளே மெல்ல ஒரு சுழற்சிச் சத்தம். போல்டர்கள் வந்து நின்னுச்சு.

டயோடு இல்லாத டிஸ்கு ஹெல்மெட் இல்லாத வண்டி மாதிரி. அதனால வேற எதையும் தொடாம மொத்தத்தையும் புது டிஸ்குக்குக் காப்பி பண்ணினோம், ராத்திரி பூரா ஓடிச்சு. கோயமுத்தூர்ல இருக்கிற மகளுக்கு இன்னொரு காப்பி போச்சு. வளைகாப்பு வீடியோவை அண்ணாச்சி தனியா பார்க்கட்டும்னு நான் மேலே வந்துட்டேன். ஆனா கீழேர்ந்து பாட்டுச் சத்தம் கேட்டுச்சு, மூணு தடவை.

பேரனோட கார்டும் நல்லாத்தான் ஓடுது. லட்சுமி பூஜை கழிஞ்சு சாந்தினி பக்கம் போனப்போ அந்தப் பழைய கேபிளைக் கடைப் பையன்கிட்ட காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா பொருந்திச்சே, தாதா"ன்னான்.