காலத்தில் பின்னோக்கிச் செல்ல முடிந்தால்

துன்பம் இன்றி மனிதன் வளர முடியுமா? "புடம் போட்ட பொன்தான் ஒளிரும்" என்று பெரியோர் கூறக் கேட்டே நாம் வளர்ந்தோம். அவ்வாக்கு முழு உண்மைதானா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1895-ஆம் ஆண்டில் 'கால இயந்திரம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதன் நாயகன் கி.பி. 8,02,701-ஆம் ஆண்டிற்குச் செல்கிறான். அங்கே அவன் காணும் 'எலோய்' மக்களுக்கு உழைப்பே இல்லை. உண்கின்றனர், விளையாடுகின்றனர், உறங்குகின்றனர். ஆற்றில் ஒரு பெண் அடித்துச் செல்லப்படும்போதும் கைகொடுக்க ஒருவரும் எழவில்லை. இன்னலற்ற வாழ்வு மனிதனைக் குன்றச் செய்யும் என்பது ஆசிரியரின் எச்சரிக்கை.

அதே இயந்திரத்தில் ஏறி, நாம் 1812-ஆம் ஆண்டிற்குப் பின்னோக்கிச் செல்வதாக வைத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டில், பாரிஸ் நகருக்கு அருகே கூப்வ்ரே என்னும் சிற்றூர். குதிரைச் சேணம் செய்பவரின் பட்டறையில் அவருடைய மூன்று வயது மகன் கூரிய கருவி ஒன்றைக் கையில் எடுக்கிறான். இன்னும் ஒரு நொடியில் அது அவன் கண்ணைக் குத்தும். நோய் மறு கண்ணுக்கும் பரவும். அச்சிறுவன்தான் லூயி பிரெயில். 1824-இல், தம் 15-ஆம் வயதில், ஆறு புள்ளிகளால் எழுத்துமுறை வகுத்துப் பார்வையற்றோர்க்குக் கல்விக் கதவைத் திறந்தவர். அந்தக் கருவியை நாம் பிடுங்கிவிட்டால் அவ்வெழுத்து உலகுக்குக் கிடைக்காமலே போகலாம். பிடுங்குவோமா?

நான் பிடுங்குவேன். பெற்றோர் எவரும் அதையே செய்வர். எத்துணைப் பெரிய நன்மைக்காயினும் ஒரு குழந்தையின் கண்ணை விலையாகக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

மேலும், பார்வையிழப்பே அறிவை வளர்க்குமாயின், அக்காலத்தில் தெருவில் இரந்து நின்ற பார்வையற்றோர் அனைவரும் அறிஞராகியிருக்க வேண்டுமன்றோ? பிரெயிலுக்கு அன்புள்ள பெற்றோர் இருந்தனர். ஊர்ப் பங்குக்குரு பாடம் சொல்லித் தந்தார். பாரிஸ் நகரின் பார்வையற்றோர் பள்ளி 1819-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. சார்ல் பார்பியே முன்னரே அமைத்திருந்த புள்ளி முறை கைக்கு எட்டியது. அவரை வளர்த்தது துன்பம் அன்று. துன்பத்தில் கைவிடாத மனிதரும் அவருடைய சொந்த உழைப்புமே.

என் தம்பிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு ஒரு கால் சூம்பிற்று. பின்னாளில் அவன் கணக்காசிரியனானான். "கால் நன்றாக இருந்திருந்தால் இவ்வளவு படித்திருப்பானா?" என்று உறவினர் வியப்பதுண்டு. அம்மா மட்டும் அதற்கு ஒருபோதும் இசைந்ததில்லை. மூன்றாண்டுகள் அவனை இடுப்பில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோனவர் அவர். இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடென்று 2014-இல் இந்தியா சான்று பெற்றது. அத்துன்பத்தை அறியாததால் இன்றைய குழந்தைகள் வளராமற் போவர் என்று எவரேனும் கூறுவரோ?

வந்துவிட்ட துன்பத்திலும் நன்மை காண்பது வேறு. நன்மைக்காகத் துன்பம் வேண்டும் என்பது வேறு. வெல்ஸ் படைத்த அம்மக்களிடம் குறைந்திருந்தது நோவன்று. உழைப்பும் பிறர்மீது அக்கறையும். பெற்றோரே, பிள்ளைகளுக்கு அவ்விரண்டையும் இல்லத்திலேயே பழக்குவோம். வீட்டு வேலையில் அவர்களுக்கும் பங்கு கொடுப்போம். நோயுற்ற அயலாரைக் காணச் செல்லும்போது உடன் அழைத்துச் செல்வோம். கூரிய கருவிகளையோ அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்போம்.