திறந்த கதவுக்கு ஒரு கொக்கி

கதவை மூடுவதற்கென்று நம் மொழியில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. தாழ், தாழ்ப்பாள், நாதாங்கி, கொண்டி, கணையமரம், பூட்டு என்று அவை நீண்டுகொண்டே போகின்றன. வள்ளுவப் பெருந்தகையும் அன்புடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போது தாழைத்தான் நினைத்துக்கொண்டார். ஆனால் திறந்த கதவைத் திறந்தபடியே நிறுத்தி வைக்கும் கருவிக்கு அத்தகைய சிறப்புப் பெயர் ஏதும் எனக்குத் தெரிந்து வழக்கில் இல்லை. கொக்கி என்கிறோம்; அதே சொல்லால்தான் சட்டை மாட்டும் ஆணியையும் சுட்டுகிறோம். முட்டுக் கொடுக்கிறோம், ஆனால் முட்டுக்கட்டை என்றாலோ தடை என்று பொருள். பல வீடுகளில் இந்தப் பணியைச் செய்வது ஒரு செங்கல், அல்லது பழைய அம்மிக் குழவி. மூடுவதற்கு நாம் பணம் செலவிடுகிறோம். திறந்து வைப்பதற்குக் கைக்குக் கிடைத்த கல்லைத் தேடுகிறோம்.

இந்த வேறுபாட்டின் விலை என்ன என்பதை நான் சித்தூரில் கண்டேன். வடஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற நான், சித்தூரை அடுத்த ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சில ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதினேன். அயலூர் என்ற உணர்வு அங்கே எனக்கு ஏற்பட்டதில்லை. 1911-ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும் வரையில் சித்தூர்தானே வடஆர்க்காட்டின் தலைநகரமாக இருந்தது! பின்னர் 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் அந்தப் பக்கமே நின்றது. 2022-இல் திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினாலும் சந்தைக்கு வருகிற மாங்காய்க்கு எந்தப் பக்கத்து மொழியும் ஒன்றுதான்.

சித்தூர்ச் சீமையின் மாங்காய் பெரும்பாலும் தோத்தாப்புரி. நம்மவர் கிளிமூக்கு என்பர். பெங்களூரா என்பாரும் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் டிராக்டர் டிரெய்லர்களில் அது மலைபோல் வந்து குவியும். கூழாகிப் பீப்பாய்களில் அடைபட்டு, பெரிய டிரெய்லர் வண்டிகளின் மேல் அமர்ந்த இரும்புப் பெட்டகங்களில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் பயணமாகும். அங்கிருந்து கடல் கடந்து எந்தெந்த நாட்டுக் குழந்தைகளுக்கோ பழச்சாறாகிவிடும்.

அந்தப் பெட்டகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர், தம் கப்பலில் 58 பெட்டகங்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்றைய பெட்டகக் கப்பல் வாணிகத்தின் தொடக்கமாக அந்தப் பயணத்தையே கொள்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் உருவாயின. எல்லைகளை வரைந்த ஆண்டிலேயே எல்லைகளைத் திறவாமல் தாண்டும் பெட்டியும் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்குப் புன்னகை வரும்.

திறவாமல் தாண்டும் பெட்டி எனினும், சரக்கு ஏற்றுமிடத்தில் அது திறந்தாக வேண்டும். பின்புறத்தில் இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கடி அகலமும் ஏழரை அடி உயரமும் உள்ள இரும்புப் பலகை. கீல்கள் நன்றாக இருந்தால் ஒரு சிறுவன் கூட அதைத் தள்ளித் திறந்துவிடலாம். முக்கால் வட்டம் சுழன்று பெட்டகத்தின் பக்கச் சுவரோடு அது ஒட்டிக்கொள்ளும். அங்கே அதைக் கட்டிவைக்க ஒரு சிறு கயிறோ சங்கிலியோ இருக்கும், இருக்க வேண்டும். பல ஊர் பார்த்துத் தேய்ந்த பெட்டிகளில் கயிறு அறுந்திருக்கும். வளையம் துருவேறி உதிர்ந்திருக்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அதன் கணக்கு எளியதே. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று நேராக மோதினால், அத்தகைய கதவொன்றின் மீது ஏறத்தாழ 16 கிலோ எடைக்கு ஈடான விசை விழும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதாவது 64 கிலோ. கதவு அசையாமல் நின்றால் இவ்வளவோடு போயிற்று. சிறிது தூரம் ஓடி வேகம் பிடித்து வந்து சட்டத்தில் அறையுமானால், நடுவில் அகப்பட்டது எதுவாயினும் தப்பாது.

ஒரு நாள் பிற்பகலில் அகப்பட்டது ஒரு கை. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த இளைஞன், லோடுமேன். பீப்பாயை உருட்டி உள்ளே தள்ளிவிட்டுச் சட்டத்தைப் பிடித்தபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தான். கதவுக்குக் கீழே வைத்திருந்த கல் நழுவியது. அவனை வேலூருக்குக் கொண்டு ஓடினோம். உயிருக்குத் தீங்கில்லை, வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிறகு அவன் பேசிய முதல் சொல், “அண்ணே, ஊருக்கு எழுதாதீங்க, அம்மா பயந்துடும்” என்பதே. புலம்பெயர்ந்து உழைக்கும் மக்களின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

அதன்பின் நடந்த பேச்சு நம் நாட்டில் எங்கும் நடப்பதுதான். வண்டி எங்களுடையதன்று என்றது ஆலை. பெட்டகம் எங்களுடையதன்று என்றார் வண்டிக்காரர். பெட்டகத்துக்கு உரியவரோ கண்ணுக்கெட்டாத துறைமுகத்தில் இருந்தார். அக்கதவு ஒருவருடைய கதவும் அன்று. அடிபட்ட விரல் மட்டும் ஒருவனுடையதாக இருந்தது.

வேலூர்ச் சாலையில் ஒரு சிறு பட்டறை இருந்தது. அதன் உரிமையாளர் தெலுங்கு பேசும் முதியவர். லாரிகளுக்கும் டிராக்டர் டிரெய்லர்களுக்கும் பின்கதவு பொருத்துவதில் கை தேர்ந்தவர். நாங்கள் அனைவரும் அவரைத் தாத்தா என்றே அழைத்தோம். நடந்ததைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“நாயனா, மூடுறதுக்குப் பூட்டு கேட்டு ஆயிரம் பேர் வர்றாங்க. தெறந்து வைக்கிறதுக்கு வழி கேட்டு நீதான் வந்திருக்கே” என்றார்.

பிறகு உள்ளே திரும்பிப் பையனை நோக்கி, “கொலுசு தே” என்றார். என்னோடு வந்திருந்த லோடுமேன் ஒருவன் திகைத்துப் போனான். கதவு நிற்க வழி கேட்டால் கிழவர் கொலுசு கொண்டுவரச் சொல்கிறாரே! தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி. நம் பெண்மக்களின் காலில் அது அணியாகிவிட்டது. அவர்களிடம் அது இன்னும் இரும்பாகவே இருக்கிறது. கதவைப் பூட்டச் சொல்லும்போது ‘தாளம்’ போடச் சொல்வார்கள். புதிதாக வந்த தமிழன் கைத்தட்டத் தொடங்கிவிடக் கூடும். ஆனால் நாங்கள் தேடிப் போன பொருளுக்கு மட்டும் இரு மொழியிலும் பெயர் ஏறத்தாழ ஒன்றுதான். நமக்குக் கொக்கி, அவர்களுக்குக் கொக்கெம். எல்லைக் கோடு வரைந்தவர்கள் அதைப் பிரிக்க மறந்துவிட்டார்கள் போலும்.

தாத்தா கற்பித்த பாடத்தை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். நம்முள் வண்டி வைத்திருப்போரும், கடை வைத்திருப்போரும், காற்று வீசும் மாடி வீட்டில் குடியிருப்போரும் பலர் உண்டல்லவா?

முதலாவது, கொக்கி கதவின் விளிம்போரத்தில் விழ வேண்டும். கீலுக்கு அருகில் மாட்டினால் அதன்மேல் பாரம் பன்மடங்காகும். முன்சொன்ன 16 கிலோ விசைக்கு, விளிம்பில் மாட்டிய கொக்கி தாங்க வேண்டியது 8 கிலோ. கீலிலிருந்து கால் பங்கு அகலத்தில் மாட்டினால் தாங்க வேண்டியது 32 கிலோ. இடம் மாறுவதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, கொக்கியின் வாய் மேலிருந்து கீழாக வளையத்தில் இறங்க வேண்டும். அப்போது அதன் சொந்த எடையே அதற்குக் காவல். கீழிருந்து மேலாக மாட்டிய கொக்கி, எஞ்சின் அதிர்விலேயே மெல்ல நழுவிவிடும்.

மூன்றாவது, ஆட்டம் கூடாது. தளர்ந்த கயிற்றில் கட்டிய கதவு கட்டாத கதவைப் போலத்தான். ஓடி வந்து வெட்டி இழுக்கும்போது கயிறும் அறும், வளையமும் பிய்யும். சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் குறைத்து இறுக்க வேண்டும். கதவுக்கும் சுவருக்கும் நடுவே பழைய டயரில் அறுத்த ஒரு துண்டு இருந்தால் ஓசையும் அடங்கும், இறுக்கமும் நிற்கும்.

நான்காவது, வளையத்தை மெல்லிய தகட்டில் பற்றவைக்கக் கூடாது; சட்டத்தில் பற்றவைக்க வேண்டும். தகடு கிழியும், சட்டம் நிற்கும்.

ஐந்தாவது, கல்லை நம்பாதே.

பெட்டகம் எங்களுடையதன்று ஆதலால் அதில் வளையம் பற்றவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதற்கும் அவரே வழி சொன்னார். இரு முனையிலும் விரல் பருமனுள்ள கொக்கி வைத்த நான்கு சங்கிலிகள் செய்து கொடுத்தார். ஒரு முனை கதவின் தாழ்க்கம்பியைப் பற்றும். மறுமுனை பெட்டகத்தின் அடிச்சட்டத்தைப் பற்றும். சங்கிலி வண்டியோடு போகாது. சரக்கு மேடையின் சுவரில் ஆணியில் தொங்கும். எந்த வண்டி வந்தாலும் முதலில் சங்கிலி, பிறகே பீப்பாய் என்று லோடுமேன்கள் தாங்களே ஒரு விதி செய்துகொண்டார்கள். மேலிடத்து உத்தரவு எதுவும் வரவில்லை. குடியாத்தத்து இளைஞன் திரும்பி வந்தபின் அந்தச் சங்கிலிகளுக்கு அவனே காவலன் ஆனான். வண்டி புறப்படுமுன் நான்கும் ஆணிக்குத் திரும்பிவிட்டனவா என்று எண்ணிப் பார்ப்பான். நான் அங்கிருந்த வரையில் அம்மேடையில் இன்னொரு விரல் போகவில்லை.

பின்னர் திருப்பதிக்குக் குடிபெயர்ந்தேன். அங்கே கதவுகளுக்கு வேறொரு பகை உண்டு, அது சரிவு. அலிபிரிக்கும் திருமலைக்கும் இடையிலான முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பூவும் காய்கறியும் ஏற்றிவரும் வண்டிகள் சரிவில் நிற்க நேரும்போது கீல்களும் சாய்ந்துவிடுகின்றன. சமதரையில் நின்ற இடத்தில் நிற்கும் கதவு, அங்கே காற்றில்லாமலே இறக்கத்தை நோக்கித் தானாகச் சுழலும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சைக்கிள் ட்யூபை நீளமாக அறுத்துக் கதவை இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில நிமிட வேலைக்கு அது போதும். ஆனால் ரப்பர் நீளும், வெயிலில் வெடிக்கும். ஒரு கொக்கியும் ஒரு வளையமும் அதைவிட நெடுநாள் உழைக்கும்.

அதே மலையின் மேல், கருவறைக்கு முன்னுள்ள வாயிற்படிக்குக் குலசேகரப்படி என்று பெயர். வேங்கடத்தில் ஒரு படியாகவேனும் கிடக்க விரும்பிய ஆழ்வாரின் பெயர் அது. தெலுங்கு நாட்டுத் திருக்கோயிலில் நம் மொழிப் பாவலர் ஒருவர் வாயிலிலேயே நிலைபெற்றிருக்கிறார்.

கதவு என்றதும் திருமறைக்காடும் நினைவுக்கு வருகிறது. அடைத்துக் கிடந்த கோயிற் கதவைத் திறக்க அப்பர் பெருமான் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அடைக்கச் சம்பந்தருக்கு முதற் பாட்டே போதுமாயிருந்தது என்பது வரலாறு. அதற்குச் சான்றோர் கூறும் விளக்கம் வேறு. பட்டறையையும் சரக்கு மேடையையும் கண்ட எனக்கோ அதில் உலகியல் உண்மை ஒன்றும் தெரிகிறது. திறப்பது அரிது, அடைவது எளிது. ஆதலால் அரிதில் திறந்ததைக் காற்றின் கையில் விட்டுவிடலாகாது.

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களாகிய நம் வீடுகளில் தமிழ் என்னும் கதவும் அவ்வாறே நிற்கிறது. பள்ளியில் வேறு மொழி, தெருவில் வேறு மொழி, வேலையில் ஆங்கிலம். பொங்கல் விழாவன்று கதவை அகலத் திறக்கிறோம். குழந்தைகள் பாடுகிறார்கள், நாம் கைதட்டுகிறோம். மறுநாள் காற்று வீசுகிறது. கதவு தானாக மெல்ல மூடிக்கொள்கிறது. மூடியவர் யாரும் இல்லை. யாரையும் குறை சொல்வதற்கும் இல்லை. பள்ளி, இது எங்கள் பொறுப்பன்று என்கிறது. பெற்றோர், நேரமில்லை என்கிறோம். சங்கம், இடமில்லை என்கிறது. சித்தூர்ச் சரக்கு மேடையில் கேட்ட அதே பேச்சு!

இதற்குப் பெரிய திட்டம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எழுத்துப் பாடம். இரவில் பாட்டியிடம் ஒரு கதை. ஊரிலுள்ள அத்தைக்கு மாதம் ஒரு முறை குழந்தையின் கையெழுத்தில் ஒரு கடிதம். இவை விலை குறைந்த கொக்கிகள். ஆனால் சரியான இடத்தில், ஆட்டமின்றி, விடாமல் மாட்டப்பட வேண்டும். மாட்டப்பட்டனவா என்று நாள்தோறும் எண்ணிப் பார்க்க, அந்தக் குடியாத்தத்து இளைஞனைப் போல் வீட்டுக்கொருவர் இருந்துவிட்டால் போதும்.