நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள்

அலுவலகத்தில் ஒருவர் காலை ஏழரை மணிக்கே வந்து உட்காருவதை வாட்ச்மேனும், கூட்டிப் பெருக்கும் அம்மாவும்தான் பார்க்கிறார்கள். அவரே மாலை நான்கு மணிக்குப் பையைத் தோளில் மாட்டும்போது மொத்தப் பிரிவும் நிமிர்ந்து பார்க்கிறது. வேலை நேரத்தைத் தளர்த்திக் கொடுக்கும் இடங்களில் எழும் மனக்கசப்பில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் அனுபவம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தினேன். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் வரும் ஒரு பெண் எங்களிடம் வேலை பார்த்தார். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ளும் ஆயா ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அதனால் ஏழரைக்கு வந்து நான்குக்குப் போக நிர்வாகத்திடம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார். போன் அடிக்காத அந்தக் காலை நேரத்தில் வங்கிக் கணக்கையும் எங்கள் புத்தகத்தையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, நாங்கள் வரும்போது வவுச்சர்களை அடுக்கி வைத்திருப்பார். அத்தனை சுத்தமான வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் மாலையில் அவர் எழுந்ததும் யாராவது ஒருவர், “என்ன மேடம், இன்னைக்கும் அரை நாளா?” என்பார். அவரும் சிரித்துவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் அவர் எங்கள் மேசைகளைக் கடந்து போவதையே விட்டுவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கத் தொடங்கினார். எட்டு மணி நேரம் முழுதாக உழைத்த ஒருவர் திருட்டுத்தனம் செய்தவர் போல வெளியேற வேண்டியிருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே பிரிவில் இன்னொருவர் பத்தரைக்கு வருவார். பேப்பர், டீ, நண்பர்கள் என்று மதியம் வரை போய்விடும். மேலாளரின் கார் கிளம்பும்வரை சீட்டில் இருப்பார். அவருக்குத்தான் “சின்சியர்” என்று பெயர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்குச் சம்பள உயர்வு கிடைக்கிறது என்று பார்த்து அதைச் செய்தார். அதைக் கற்றுக்கொடுத்தது நிர்வாகம்.

என் மேசைக்கு மேலே எல்லோருடைய வேலை நேரத்தையும், என்னுடையது உட்பட, எழுதி ஒட்டினேன். பத்தரை முதல் மூன்றரை வரை அனைவரும் இருக்க வேண்டும், கூட்டம் எதுவானாலும் அதற்குள்தான் என்று சொல்லிவிட்டேன். இப்படிப் பொது நேரம் ஒன்றை வைத்து முன்னும் பின்னும் தளர்த்துவது ஜெர்மனியில் மியூனிக் அருகே ஓட்டோப்ரூன் என்ற ஊரில், ஒரு விமான நிறுவனத்தில் 1967-லேயே வந்துவிட்டது என்று பிறகு படித்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் சாலை அடைத்துக்கொண்டது. அதைத் தீர்க்கத்தான் அந்த ஏற்பாடு. யாருக்கும் இரக்கப்பட்டுச் செய்ததில்லை. நாம்தான் இதை ஒருவருக்குக் காட்டும் கருணையாக நினைத்து, பிறகு அவரிடம் அந்தக் கடனை வசூலிக்கிறோம்.

மீதமிருப்பவர்களின் குறையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதில் நியாயம் உண்டு. நான்கு மணிக்குமேல் வரும் அவசரமெல்லாம், “கல்யாணம் ஆகாத பையன்தானே, இருக்கட்டும்” என்று ஓர் இளைஞன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்கும் மாலை வகுப்பு உண்டு, வயதான தகப்பன் உண்டு. நான்குக்குமேல் வரும் கேள்விகளை ஒரு தாளில் குறித்து அந்தப் பெண்ணின் மேசையில் வைத்துவிடச் சொன்னேன். மறுநாள் காலை அவன் வருவதற்குள் பதில் தயாராக இருக்கும். மாதக் கடைசியில் தாமதமாக இருக்கும் முறை எல்லோருக்கும் சுழற்சியில் வந்தது. அதன்பின் அந்தப் பிரிவில் கிண்டல் தானாகக் குறைந்தது. முக்கியமாக, அவர் முன்வாசல் வழியாகப் போனார்.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வரும். மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம், 26 வார விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது. என்ன நினைப்பார்களோ என்று தயங்கி அதைக் கேட்காமலே விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது அதுவும் நெகிழ்வான வேலை நேரம் என்றே பேசப்பட்டது. ஒரே நாளில் 12 மணி நேரம் வேலை வாங்க அது வழிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே 1 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்பு சரி என்பதே என் கருத்து. நேரத்தைத் தளர்த்தும் உரிமை உழைப்பவரிடமும் இருக்க வேண்டும். முதலாளி மட்டும் தன் வசதிக்கு இழுப்பதானால் எட்டு மணி நேரக் கண்டிப்பே மேல்.

இன்று பொறுப்பில் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். சம்பள உயர்வுக்குப் பெயர் எழுத உட்காரும்போது வருகைப் பதிவை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆண்டில் அவர் என்ன வேலை முடித்துக் கொடுத்தார் என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். ஐந்து மணிக்குமேல் கூட்டம் வைக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள்.